‘ஜானே பீ தோ யாரோ’ பார்ப்பதற்கு முன்னும் பின்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிற நண்பர்களைப் பிடித்து உட்காரவைத்து இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது எனக்குப் பல வருஷப் பழக்கம். படம் ஓடும்போது சிலர் கேட்பார்கள், முடிந்தபிறகு சிலர் கேட்பார்கள், ஆனால் கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். கதையின் திருப்பங்களும் முடிவும் இதில் வருகின்றன. தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் முதல் மூன்று பதில்களோடு நிறுத்திக்கொண்டு, படம் பார்த்துவிட்டு மிச்சத்துக்கு வரலாம்.

இது என்ன படம், யார் எடுத்தது?

1983 ஆகஸ்ட் 12 அன்று வெளியான இந்திப் படம். இயக்குநர் குந்தன் ஷா, புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். இது அவருடைய முதல் முழுநீளப் படம். பணம் போட்டது மத்திய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். நசீருத்தீன் ஷா, ரவி பாஸ்வானி, ஓம் பூரி, பங்கஜ் கபூர், சதீஷ் ஷா, பக்தி பர்வே, சதீஷ் கௌஷிக், நீனா குப்தா என்று நடிகர் பட்டியலே ஒரு விருந்து. அன்றைக்கு இவர்களில் பலரைத் தெருவில் நிறுத்திப் பெயர் கேட்டிருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது.

அபூர்வமான படம் என்று ஏன் சொல்கிறீர்கள்? எல்லாரும் பார்த்ததுதானே?

வடக்கே எல்லாரும் பார்த்தது, சரி. நம் பக்கம் கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரில் ஒருவர் தலையாட்டினால் அதிகம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் அபூர்வம் என்று சொல்வது வேறு காரணத்துக்காக. நம் ஊர்ப் படங்களில் நகைச்சுவை என்பது பெரும்பாலும் தனி டிராக். கதை ஒரு பக்கம் போகும், காமெடியன் வந்து பத்து நிமிஷம் சிரிக்கவைத்துவிட்டுப் போவார். காதலும் சண்டையும் நாயகனுக்கு, சிரிப்பு அவருக்கு. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை ஒரே பிடியில் சிரிப்பையே கதையாக நடத்திக்கொண்டு போன படங்கள் இந்தியாவில் எந்த மொழியிலும் குறைவு. அதிலும் ஊழலைப் பற்றி, அதுவும் அரசாங்கப் பணத்தில் எடுத்தது என்றால் இது ஒன்றுதான் என் நினைவுக்கு வருகிறது.

தலைப்புக்கு என்ன அர்த்தம்?

‘போகட்டும், விடுங்கப்பா’. ஏறக்குறைய அதே தொனி.

இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. பத்திரம் பதியப் போகிறோம், நூறோ இருநூறோ கூடக் கேட்கிறார்கள், கூட வந்தவர் என்ன சொல்வார்? புதிதாகப் போட்ட சாலை ஒரு மழைக்குத் தாங்காமல் போகிறது, டீக்கடையில் என்ன சொல்வோம்? இந்தச் சொல்லைத்தான். குந்தன் ஷா அதை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார். படம் முழுக்க ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் ஏதோ ஒரு வகையில் ‘விடுப்பா’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விட மாட்டேன் என்று நிற்பது இரண்டே பேர், இரண்டு பேருமே அசடுகள்.

கதை என்ன?

வினோத், சுதீர் என்று இரண்டு புகைப்படக்காரர்கள் பம்பாயில் ஒரு ஸ்டுடியோ திறக்கிறார்கள். ‘பியூட்டி’ என்று பெயர் வைக்கிறார்கள், ஆள்தான் வருவதில்லை. ‘கபர்தார்’ என்ற பத்திரிகையின் ஆசிரியை ஷோபா அவர்களுக்கு ஒரு வேலை தருகிறாள். தர்னேஜா என்ற கட்டட முதலாளியும் மாநகராட்சி ஆணையர் டிமெல்லோவும் ரகசியமாகச் சந்திப்பதைப் படம் பிடிக்க வேண்டும். இன்னொரு பக்கம் அஹுஜா என்று போட்டிக் கான்ட்ராக்டர்.

நடுவில் 5,000 ரூபாய் பரிசுள்ள ஒரு புகைப்படப் போட்டிக்காக இருவரும் ஊரெல்லாம் சுற்றிப் படம் எடுக்கிறார்கள். கழுவிப் பார்த்தால் ஒரு படத்தின் மூலையில் ஏதோ தெரிகிறது. பெரிதாக்குகிறார்கள், இன்னும் பெரிதாக்குகிறார்கள். ஒருவன் இன்னொருவனைச் சுட்டுக் கொல்கிறான். கொன்றவன் தர்னேஜா. செத்தவர் டிமெல்லோ.

அப்புறம் படம் அந்தப் பிணத்தின் பின்னால் ஓட ஆரம்பிக்கிறது.

எனக்கு இந்தி தெரியாது. ரசிக்க முடியுமா?

நான் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில். இந்தியில் எண்ணக்கூடத் தெரியாத வயது. வயிறு வலிக்கச் சிரித்தேன். வளர்ந்து ஓரளவு மொழி புரிய ஆரம்பித்த பிறகு பார்த்தபோதுதான் பாதியை விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. டிமெல்லோ அமெரிக்கா போய்விட்டு வந்து ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அதன் சாக்கடையை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று கண் கலங்கப் பேசுகிற இடமெல்லாம் வசனத்தில்தான் இருக்கிறது. குடிக்கிற தண்ணீர் வேறு, சாக்கடைத் தண்ணீர் வேறு என்று அங்கே பிரித்து வைத்திருக்கிறார்களாம்! அந்த வியப்பை ஒரு மாநகராட்சி ஆணையர் முகத்தில் காட்டுகிறார் சதீஷ் ஷா.

சப்டைட்டிலோடு பாருங்கள், போதும். ஆனால் எழுத்தைப் படிப்பதிலேயே கண்ணை வைத்திருக்காதீர்கள். படத்தின் பெரிய சிரிப்புகள் உடம்பில்தான் இருக்கின்றன: நடை, விழுகை, எட்டிப் பார்த்தல், ஒளிதல்.

முதல் அரைமணி நேரம் மந்தமாக இருக்கிறதே?

இருக்கிறது. மறுக்க மாட்டேன். சில நகைச்சுவைகள் கல்லூரி ஆண்டு விழா நாடகம் அளவில்தான் இருக்கும். இன்னொன்று, நாம் எதிர்பார்க்கிற இடத்தில் இந்தப் படம் சிரிப்பை வைப்பதில்லை. நடிகர்கள் யாரும் ‘இது ஜோக், சிரியுங்கள்’ என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொள்ள மாட்டார்கள். பங்கஜ் கபூரின் தர்னேஜாவைக் கவனியுங்கள். அவரைத் தனியாக வெட்டி எடுத்து ஒரு திகில் படத்தில் ஒட்டினாலும் பொருந்துவார். குரலை உயர்த்தாமல், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தபடியே பேசுவார். சுற்றி நடக்கிற கூத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருப்பார். அதனால்தான் கூத்து அவ்வளவு கூத்தாகத் தெரிகிறது.

நசீருத்தீன் ஷாவும் அப்படித்தான். கலைப்பட நடிகர் என்று பேர் வாங்கியவர், அதே கண்டிப்போடு இங்கே அசட்டுத்தனத்தைச் செய்கிறார். ரவி பாஸ்வானி மட்டும் கொஞ்சம் துள்ளுவார். அவருக்குத்தான் அந்த வருஷம் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

பிணத்தை வைத்துச் சிரிப்பது அருவருப்பாக இல்லையா?

என் அம்மா கேட்ட கேள்வி இது. ஐந்து நிமிஷம் கழித்து அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

சதீஷ் ஷா இந்தப் படத்தில் உயிரோடு இருக்கிற நேரம் கொஞ்சம், பிணமாக இருக்கிற நேரம்தான் அதிகம். பிணமாக நடிப்பது சும்மா படுத்துக்கிடப்பது என்று நினைக்க வேண்டாம். அவரை நிமிர்த்தி நடத்திக்கொண்டு போகிறார்கள், சக்கரத்தில் உருட்டுகிறார்கள், பர்தா போட்டுப் பெண்கள் கூட்டத்தில் கலக்கிறார்கள், சேலை கட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே முகம். உடம்பு விறைத்திருக்க வேண்டும், ஆனால் தள்ளினால் தள்ளின பக்கம் போக வேண்டும். தமிழில் இதற்கு இணை சொல்ல வேண்டுமென்றால் ‘மகளிர் மட்டும்’ படத்தில் நாகேஷ் செய்தது. அவரும் பிணமாகவே வந்து மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதை ரசித்தவர்களுக்கு இது கூசாது.

அருவருப்பு வராததற்கு இன்னொரு காரணம் உண்டு. செத்தவர் மேல் அங்கே யாருக்கும் துக்கமில்லை. எல்லாருக்கும் அந்த உடம்பு ஒரு ஆதாரம், ஒரு சரக்கு, ஒரு பேரம். அவர் பெயரில் பாலம் திறக்கிறார்கள், பேசுகிறார்கள், மாலை போடுகிறார்கள். உயிரோடிருந்தபோது லஞ்சம் கொடுத்தவர்கள், செத்தபிறகு உடம்பையே பங்கு போடுகிறார்கள். நாம் சிரிப்பது அந்தப் பங்கு போடுதலைப் பார்த்து.

ஓம் பூரி சவப்பெட்டியோடு பேசுகிற காட்சியைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்களே?

இரவு. வெறிச்சோடிய சாலை. டிமெல்லோவின் பிணத்தோடு சவப்பெட்டி நடுவில் கிடக்கிறது. தலைக்கேறிய போதையில் காரில் வருகிறார் அஹுஜா, அதாவது ஓம் பூரி. பெட்டியைப் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு அது மேல்மூடி இல்லாத ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே இருக்கிற ஆள் வண்டி ரிப்பேராகி நிற்கிறார்.

இறங்கி வந்து விசாரிக்கிறார். பதில் இல்லை. மரியாதையாகக் கேட்கிறார், கோபமாகக் கேட்கிறார், சமாதானமாகப் பேசுகிறார். குடித்திருக்கிறாய் போலிருக்கிறது என்று பிணத்துக்கு அறிவுரை வேறு. கடைசியில் பெரிய மனசு பண்ணி, கயிறு கட்டி, தன் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார். ஒரு பெரிய கான்ட்ராக்டர் முன்பின் தெரியாத ஒருவனுக்கு முழுப் படத்திலும் செய்கிற ஒரே உதவி இது!

ஓம் பூரி குடிகாரனாக நடிப்பதில் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்கிற தள்ளாட்டம் அதிகம் கிடையாது. நிதானமாக இருக்கிறேன் என்று நிரூபிக்கப் பாடுபடுகிற குடிகாரன். அதுதான் கஷ்டம்.

மகாபாரத நாடகக் காட்சியை மட்டும் இணையத்தில் பார்த்தேன். அது போதாதா?

போதாது. தனியாகப் பார்த்தாலும் சிரிப்பு வரும், ஆனால் அவ்வளவு நேரம் அந்தப் பிணத்தோடு அலைந்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தால் வருகிற சிரிப்பு வேறு.

நிலவரம் இதுதான். துரத்தல் ஒரு நாடக அரங்கின் மேடைக்குப் பின்னால் வந்து முடிகிறது. மேடையில் திரௌபதியின் துகில் உரிகிற கட்டம். பிணத்தை ஒளிக்க வேறு வழியில்லாமல் சேலை சுற்றி முக்காடு போட்டு அதையே திரௌபதியாக நிறுத்திவிட்டார்கள். துச்சாதனனாக நடிப்பவருக்கு இது தெரியாது, அவர் தன் வேலையைப் பார்க்க சேலையில் கை வைக்கிறார். சேலை போனால் குட்டு உடையும்.

உடனே துரியோதனன் வேஷத்தில் நுழைகிறார் நசீருத்தீன் ஷா. இப்பேர்ப்பட்ட பத்தினியைப் பார்த்தபிறகு துகில் உரிகிற யோசனையையே கைவிட்டுவிட்டேன் என்று அறிவிக்கிறார். சபை திகைக்கிறது, கண் தெரியாத திருதராஷ்டிரன் என்ன நடக்கிறது என்று கேட்கிறார். ஒருவரும் பதில் சொல்வதில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் பீமனாக வந்துவிடுகிறார் ஓம் பூரி. திரௌபதியைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறார். அவள் உனக்கு மட்டும் சொந்தமில்லை, நாங்கள் எல்லாரும் ஷேர்ஹோல்டர்கள் என்று சண்டை. பஞ்ச பாண்டவர்களுக்கு அதைவிடச் சரியான வணிகச் சொல் கிடையாது. கொஞ்ச நேரத்தில் அக்பரும் சலீமும்கூட வந்து நிற்கிறார்கள். திருதராஷ்டிரன் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வடாற்காடு, தென்னாற்காடு பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியில் ஒரு கூடுதல் ருசி உண்டு. துகில் உரிகிற கட்டம் வந்தால் அங்கே கூட்டம் கற்பூரம் ஏற்றிக் கும்பிடும். கதை எல்லாருக்கும் மனப்பாடம், அடுத்து என்ன என்று தெரிந்தே உட்கார்ந்திருப்பார்கள். அந்த மனப்பாடத்தைத்தான் குந்தன் ஷா போட்டு உடைக்கிறார். அரங்கில் இருக்கிற ஜனங்களின் முகத்தைப் பாருங்கள்: எரிச்சல் இல்லை, இந்தப் புது பாரதமும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ரசிக்கிறார்கள்.

எனக்கு அந்தத் திருதராஷ்டிரன்தான் பிடிக்கும். படம் முழுக்க, என்ன நடக்கிறது என்று மேடையேறி வெளிப்படையாகக் கேட்கிற ஒரே பெரிய மனிதர், கண் தெரியாதவர்.

பூங்காவின் பெயர் ‘அந்தோனியோனி’ என்று வருகிறது. ஏன்?

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கொலையைக் கண்டுபிடிக்கிற உத்தி இத்தாலிய இயக்குநர் மைக்கலாஞ்சலோ அந்தோனியோனியின் 1966-ஆம் வருஷப் படம் ‘ப்ளோ-அப்’பிலிருந்து எடுத்தது. எடுத்ததை மறைக்காமல் பலகையிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். திரைப்படக் கல்லூரிப் பிள்ளைகளின் குறும்பு. உளவு வேலையின்போது அடையாளச் சொல்லாக ‘ஆல்பர்ட் பின்டோவுக்கு ஏன் கோபம் வருகிறது’ என்று கேட்பார்களே, அதுவும் அப்படித்தான். அது 1980-இல் சயீத் மிர்சா எடுத்த படத்தின் தலைப்பு, அதில் நாயகன் இதே நசீருத்தீன் ஷா.

இன்னொரு குறும்பு: வினோத் சோப்ரா, சுதீர் மிஸ்ரா என்ற நாயகர்களின் முழுப் பெயர்கள் படத்தில் வேலை பார்த்தவர்களின் பெயர்களே. சுதீர் மிஸ்ரா திரைக்கதையில் பங்கெடுத்தவர், பிற்பாடு இயக்குநரானார். விது வினோத் சோப்ரா தயாரிப்பு வேலைகளைக் கவனித்தவர். பின்னாளில் ‘பரிந்தா’ இயக்கியதும், ஷங்கர் தமிழில் ‘நண்பன்’ ஆக்கிய ‘3 இடியட்ஸ்’ படத்தைத் தயாரித்ததும் இவர்தான்.

ஏழு லட்சத்தில் படம் எடுத்தார்களா?

ஏறக்குறைய அவ்வளவுதான். நசீருத்தீன் ஷாவுக்கு 15 ஆயிரம் ரூபாய், நடிகர்களில் அதுதான் உச்சம். படத்தில் அவர் கழுத்தில் தொங்குகிற நிகான் கேமரா அவருடைய சொந்தக் கேமரா. படப்பிடிப்பில் அது திருடு போய்விட்டது. அப்படியானால் அவருக்குக் கையில் என்ன மிஞ்சியது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன துச்சாதனன் யார் தெரியுமா? விது வினோத் சோப்ராதான். தனியாக ஒரு நடிகரைப் பிடித்துப் பணம் கொடுப்பதற்குப் பதிலாகத் தானே மீசையை முறுக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

இந்த ஏழ்மை படத்தில் தெரிகிறது. சில இடங்களில் ஒலி சரியில்லை, சில செட்டுகள் சாயம் காயாத மாதிரி இருக்கும். ஆனால் ஒளிப்பதிவு பினோத் பிரதான், படத்தொகுப்பு ரேணு சலுஜா. துரத்தல் காட்சிகள் எங்கேயும் குழம்பாமல் இருப்பதற்கு அந்த அம்மாவின் கத்தரியைத்தான் கும்பிட வேண்டும்.

அனுபம் கெர் நடித்தாராமே, எங்கே காணோம்?

‘டிஸ்கோ கில்லர்’ என்று ஒரு கூலிக் கொலையாளி வேஷம். படம் நீளமாகப் போனதால் அந்தப் பகுதியே வெட்டுப்பட்டது. தேட வேண்டாம்.

கதை எங்கிருந்து வந்தது?

குந்தன் ஷாவின் கல்லூரி நண்பர்கள் ஹைதராபாத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்துப் பட்டபாட்டைச் சொல்லக் கேட்டதில் முளைத்தது. ஊழல் பகுதிக்கு, வெளியே தேடிப்போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கட்டடக்காரர்களுக்கு சிமென்ட் ஒதுக்கியதற்குப் பதிலாக அறக்கட்டளைக்கு நன்கொடை வாங்கிய விவகாரத்தில் உயர்நீதிமன்றம் சொன்னதை ஒட்டி, மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே பதவி விலகியது 1982 ஜனவரியில். அடுத்த வருஷம் இந்தப் படம். அன்றைய பம்பாய்வாசிக்கு தர்னேஜாவை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

வசனம் ரஞ்சித் கபூரும், தர்னேஜாவின் உதவியாளர் அசோக்காக வருகிற சதீஷ் கௌஷிக்கும்.

வெளியானபோது ஓடியதா?

பெரிதாக ஓடவில்லை. தேசிய விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருது கிடைத்தது. ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது பின்னால்தான், தொலைக்காட்சியிலும் வீடியோ கேசட்டிலும். சுத்தம் செய்த பிரதியை 2012 நவம்பரில் மறுபடி தியேட்டர்களில் போட்டார்கள். பழைய பிரதியில் பார்த்தவர்கள் ஒருமுறை இதையும் பார்க்க வேண்டும், சில காட்சிகளில் பின்னணியில் இருக்கிறவர்களின் முகபாவமே இப்போதுதான் தெரிகிறது.

முடிவு ஏன் இப்படி? மனசு கெட்டுப்போய்விட்டது.

கெடத்தான் வேண்டும். போலீஸ் வருகிறது, உண்மை வெளியே வரப்போகிறது என்று நினைக்கிறோம். ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்த தர்னேஜாவும் அஹுஜாவும் மாநகராட்சி அதிகாரியும் பத்திரிகைக்காரியும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றுசேர்ந்துவிடுகிறார்கள். டிமெல்லோ பெயரில் திறந்த பாலம் இடிந்துபோயிருந்தது, அந்தப் பழி இரண்டு புகைப்படக்காரர்கள் தலையில்.

கடைசிக் காட்சியில் இருவரும் கைதி உடையில் பம்பாய்த் தெருவில் நடந்து வருகிறார்கள். பின்னணியில் ‘ஹம் ஹோங்கே காம்யாப்’, பள்ளிக்கூடங்களில் பாடுகிற ‘நாம் வெல்வோம்’ பாட்டு. முன்பு இருவரும் நம்பிக்கையோடு பாடிய அதே பாட்டு. நம்மைப் பார்த்துத் திரும்பி, கழுத்தை அறுக்கிற மாதிரி சைகை காட்டுகிறார்கள். முடிந்தது.

ஷோபாவின் துரோகத்தை மட்டும் சிலரால் ஏற்க முடிவதில்லை. கட்டட முதலாளியும் அதிகாரியும் திருடர்கள் என்றால் நமக்கு அதிர்ச்சியில்லை. ஆதாரத்தைத் தேடச் சொன்ன பத்திரிகை ஆசிரியையே அதை வைத்துப் பேரம் பேசுகிறாள் என்பதுதான் குத்துகிறது. பக்தி பர்வே அதைச் சிரித்த முகம் மாறாமல் செய்கிறார். அந்த ஒரு திருப்பம் இல்லையென்றால் படம் பாதிக் கோபத்தோடு முடிந்திருக்கும் என்பது என் கட்சி.

குந்தன் ஷா அப்புறம் என்ன செய்தார்?

தொலைக்காட்சியில் நிறைய. ‘நுக்கட்’ தொடரில் சயீத் மிர்சாவோடு, ‘வாக்லே கி துனியா’வில் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணின் சாதாரண மனிதனோடு. 1994-இல் ஷாருக் கானை வைத்து ‘கபி ஹான் கபி நா’. 2015-இல் சகிப்பின்மைக்கு எதிர்ப்புத் தெரிவித்து, இந்தப் படத்துக்கு வாங்கிய தேசிய விருதைத் திருப்பிக் கொடுத்தார். 2017 அக்டோபரில் காலமானார்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

தாராளமாக. பத்து வயசுக்கு மேல் என்றால் துரத்தல் எல்லாம் புரியும். முடிவில் ஏன் அந்த மாமாக்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

தொலைபேசிக் காட்சியை. நசீருத்தீன் ஷாவும் சதீஷ் கௌஷிக்கும் ஒரே அறையில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஆளுக்கொரு ரிசீவரில், எங்கோ தூரத்தில் இருக்கிறவரோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள். முதல் தடவை வசனத்துக்குச் சிரிப்போம். இரண்டாவது தடவை காதை மூடிக்கொண்டு கால்களை மட்டும் பாருங்கள். இருவரும் எத்தனை தடவை திரும்பப் பார்த்து, கடைசி நொடியில் திரும்பாமல் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். நான் ஒவ்வொரு தடவையும் எண்ண ஆரம்பித்து நடுவில் சிரித்துக் கணக்கை விட்டுவிடுகிறேன்.